கண்ணிவாரிக் கப்பலா, ‘சுரங்கத் துடைப்பானா’?

நெதர்லாந்தின் டென் ஹெல்டர் நகரிலுள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் ‘ஆப்ரகாம் கிரெய்ன்சென்’ என்னும் பழைய போர்க்கப்பல் ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1936இல் நீரில் இறக்கப்பட்ட சிறிய கப்பல் அது. 1942இல் ஜாவாக் கடற்போரில் நேச நாடுகள் தோற்றபின், மரக்கிளைகளை வெட்டித் தளமெங்கும் பரப்பி, இலைகளுக்குள் மறையாத பகுதிகளுக்குப் பாறை நிறம் பூசி, பகலில் கரையோரத்தில் குட்டித் தீவாக அசையாமல் கிடந்தும் இரவில் மட்டும் ஓடியும், ஜப்பானியர் கண்ணில் படாமல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. இந்தக் கதையைத் தமிழில் எழுதாதவர் இல்லை என்னும் அளவுக்கு அது சுற்றி வருகிறது. அப்படி எழுதப்படும்போதெல்லாம், இது என்ன வகைக் கப்பல் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘சுரங்கத் துடைப்பான்’ என்றொரு சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கடலில் வைத்த கண்ணிவெடிகளை அகற்றும் கப்பலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘மைன்ஸ்வீப்பர்’ என்ற பெயரை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதிக்கும் அகராதியில் முதலில் கண்ட பொருளை ஒட்டியதன் விளைவு இது. ‘மைன்’ சுரங்கமாம், ‘ஸ்வீப்பர்’ துடைப்பானாம். படிப்பவருக்கு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் துணியோடு நிற்கும் ஓர் ஆள்தான் தோன்றுவார். கடலும் வெடியும் தோன்றா.

சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோட்டை மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, அதில் வெடிமருந்தை நிரப்பிக் கொளுத்துவது ஐரோப்பியப் போர்முறைகளுள் ஒன்று. தோண்டிய பள்ளத்துக்கு இருந்த ‘மைன்’ என்னும் பெயர் நாளடைவில் உள்ளே வைத்த வெடிக்கு ஏறி, பிறகு பள்ளமே இல்லாத கடலிலும் மிதக்கவிடும் வெடிக்குப் பெயராகிவிட்டது. ஆகவே ‘சுரங்கம்’ என்பாருக்கு வேர்ச்சொல் ஆதாரம் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தியிலும் ‘பாரூதி சுரங்’ என்றே நிலக்கண்ணிவெடியைக் குறிக்கிறார்கள். அரசுச் செய்திக் குறிப்புகள் அவ்வழியாகத் தமிழுக்கு வரும்போது சுரங்கமும் உடன்வந்துவிடுகிறது என்பது என் ஐயம். ஆனால் ஆங்கிலச் சொல் கடந்துவந்த தடத்தைத் தமிழ்ச் சொல்லும் மிதித்து வரவேண்டும் என்று எந்த இலக்கணம் விதித்தது? பறவைக்கும் விலங்குக்கும் வைக்கும் சுருக்கைக் ‘கண்ணி’ என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். வருகிறவன் தானே வந்து மாட்டும்வரை ஓசையின்றிக் காத்திருப்பது கண்ணி. இந்த வெடியும் அதையே செய்கிறது. ‘கண்ணிவெடி’ என்ற ஆக்கம் அந்த வகையில் மூலச் சொல்லைவிடத் தெளிவானது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்குவானேன்?

‘துடைப்பான்’ இதைவிட மோசம். துடைப்பது என்பது மேற்பரப்பில் படிந்ததைத் தேய்த்து எடுப்பது. இக்கப்பல் எதையும் துடைப்பதில்லை. கடலடியில் நங்கூரமிட்ட கண்ணிவெடி, ஒரு கம்பிவடத்தின் முனையில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டிருக்கும். கப்பல் தன் பின்புறத்திலிருந்து நீண்ட எஃகுக் கம்பியொன்றை நீருக்குள் விட்டு இழுத்துச் செல்லும். கம்பியைப் பக்கவாட்டில் விரித்துவைக்க ஒரு பலகை, ஆழத்தில் நிறுத்த இன்னொரு பலகை, இடம் காட்ட ஒரு மிதவை. கம்பியில் பொருத்திய வெட்டுக்கருவி வெடியின் வடத்தை அறுத்ததும் வெடி மேலே மிதந்து வரும். துப்பாக்கியால் சுட்டு அழிப்பார்கள். இப்பணிக்கு, கடலடியில் வலையை இழுத்து மீன்பிடிக்கும் இழுவைமடிப் படகுகளே ஏற்றவை என்று கண்டு, பிரிட்டிஷ் கடற்படை 1908இல் கிரிம்ஸ்பி மீன்பிடித் துறையின் படகுகளை வைத்துச் சோதனை நடத்தியது. ஆங்கிலத்திலும் ‘ஸ்வீப்’ என்பதற்குக் கயிற்றைக் கடலடியில் இழுத்து, தொலைந்த நங்கூரத்தைத் தேடுதல் என்ற மாலுமிகளின் பொருள் பழையது. பிரெஞ்சுக்காரர் ஒளிவுமறைவின்றி ‘கண்ணிவெடி இழுப்பான்’ என்ற பொருளில்தான் பெயரிட்டிருக்கிறார்கள். டச்சுக்காரர் பெருக்குகிறவன் என்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை; பெருக்குவதும்கூடத் துடைப்பதாகாது.

இழுத்து வருவதில் அகப்படுவதை அள்ளுவதற்குத் தமிழில் ‘வாருதல்’ இருக்கிறது. தலைவாருவதும் அதுவே, குமரி மாவட்டத்தார் வீடு பெருக்கும் வாரியலும் அதிலிருந்து வந்ததே. மண்வாரி என்று கருவிக்குப் பெயரிட்டுப் பழகிய மொழியில் ‘கண்ணிவாரி’ இயல்பாக நிற்கிறது. இது என் படைப்பன்று. போர் வரலாறு எழுதுவோர் ‘கண்ணிவாரிக் கப்பல்’ என்று ஆண்டு வருவதுதான். 1939இல் ஜெர்மனி இறக்கிய காந்தக் கண்ணிவெடிகளை அறுக்க வடமே இல்லையே, அங்கே வாருவது எப்படி என்று கேட்கலாம். அங்கும் மின்னோட்டம் பாயும் வடங்களைக் கப்பல் பின்னால் இழுத்துச் சென்றே அவற்றை வெடிக்கச் செய்தார்கள், சொல் பிழைத்துக்கொள்கிறது.

‘கண்ணிவெடி அகற்றும் கப்பல்’ போதாதா என்பார் உண்டு. துடைப்பானுக்கு அது எவ்வளவோ மேல். செய்தித்தாளில் கண்டால் நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அது சொல்லன்று, விளக்கம். ஒலியலைக் கருவியால் வெடிகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டு, முக்குளிப்பவரையோ சிறு இயந்திரத்தையோ அனுப்பி அழிக்கும் இன்னொரு வகைக் கப்பல் பின்னர் வந்தது. அதுவும் அகற்றத்தான் செய்கிறது. ஒன்றைக் கண்ணிவாரி, மற்றதைக் கண்ணிதேடி என்றால் இரண்டும் தனித்து நிற்கும். (விண்டோஸ் 3.1 உடன் 1992இல் வந்த ‘மைன்ஸ்வீப்பர்’ என்னும் கணினி விளையாட்டும், நியாயமாகப் பார்த்தால், கண்ணிதேடிதான். அதில் யாரும் எதையும் வாருவதில்லை.)

இந்தியக் கடற்படையின் கண்ணிவாரிகளுள் ஒன்றுக்குக் ‘கடலூர்’ என்று பெயர். சோவியத் நாட்டில் கட்டப்பட்டு 2018இல் ஓய்வு பெற்றது. அதைச் ‘சுரங்கத் துடைப்பான் கடலூர்’ என்று எழுதினால், நெய்வேலி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதை அறிந்த வாசகர் என்ன நினைப்பார் என்று மொழிபெயர்ப்பவர் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். எண்ணுவதில்லை, வேகம்தான் முதலில். கண்ணிவெடி என்று சரியான சொல்லை எடுத்தவர்களிலும் பலர் அதைக் ‘கன்னிவெடி’ என்றே அச்சிடுகிறார்கள். றன்னகரமும் டண்ணகரமும் தெரியாத கைகளுக்குச் சொல்லாக்கக் குழு அமைத்துப் பயனில்லை; மெய்ப்புப் பார்ப்பவரை வேலைக்கு வைக்க வேண்டும்.