கன்று வீசிய மாடும் ஏழு மாத மருமகளும்

மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது, அதாவது நாள் நிறையாமல் சினை கலைந்து விழுந்துவிட்டது. நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அள்ளிப் போட்டு, கட்டுத்தரையைக் கழுவிவிட்டது வீட்டு மருமகள். அவளுக்கும் ஏழு மாதம். ஊர்ப் பெயர் மட்டும் மாறுகிறது, கதை மாறவில்லை.

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் கிளுவை வேலிக்குள் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் வீடுகளில் கால்நடை வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. சாணி அள்ளுவது, தண்ணி காட்டுவது, பால் கறப்பது எல்லாம் கல்யாணமாகி வந்த மறுவாரமே புதுப்பெண் தலையில் விழும். செம்மறி ஈன முடியாமல் தவித்தால் "உனக்குத்தான் சின்னக் கை" என்று அவளைத்தான் கூப்பிடுவார்கள். மாசமாக இருக்கிறாளா என்று அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

கன்று வீச்சு நோய் என்று நாம் சொல்வது புருசெல்லா கிருமியால் வருவது. சினை மாடு பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்கு மேல் வீசும், ஆடு நாலாம் மாதம் போல. வீசிய கன்றிலும், நஞ்சுக்கொடியிலும், பிறகு வடியும் திரவத்திலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கைக் கீறல், கண், மூச்சு, பச்சைப்பால் என்று எந்த வழியிலும் உள்ளே போகும். மனிதருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி, இடுப்புவலி. கர்ப்பிணிக்குக் கரு கலையலாம். ஆட்டிலிருந்து தொற்றும் வகை இன்னும் கடுமையானது. என்னைப் போன்ற கால்நடை மருத்துவர்களுக்கே இது தொழில்நோய். கையுறை போட்டவனுக்கே வருகிறதென்றால் வெறுங்கைக்கு என்ன கதி?

இதெல்லாம் சொன்னால் வரும் பதில்தான் எரிச்சல்: "போன தடவை வீசுச்சுங்க. கோயிலுக்கு வேண்டிக்கிட்டோம். இந்த ஈத்து நல்லாவே ஈனிடுச்சுங்க. இப்ப ஒண்ணுமில்லீங்க."

இல்லை. நல்லாகவில்லை. தொற்றிய மாடுகளில் பெரும்பாலானவை ஒரே ஒருமுறைதான் வீசும். அடுத்த ஈத்து நாள் நிறைந்து, கன்றும் துள்ளிக்கொண்டு பிறக்கும். வேண்டுதல் வைக்காத வீட்டிலும் அப்படித்தான். ஆனால் கிருமி மடியிலும் நிணநீர் முடிச்சுகளிலும் பெரும்பாலும் ஆயுசுக்கும் தங்கிவிடும். அடுத்தடுத்த ஈத்திலும் நஞ்சுக்கொடியோடு வெளியேறலாம், பாலிலும் வரலாம். வீசிய வருஷமாவது பயந்து தள்ளி நிற்பீர்கள். நன்றாக ஈன்ற வருஷம் பயமே இல்லாமல் கை வைப்பீர்கள். ஆபத்து அங்கேதான். ஊசி போட்டு மாட்டைக் குணப்படுத்திவிடலாம் என்றும் நம்ப வேண்டாம். ஒருமுறை வீசிய மாட்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் "இந்த நோய் இல்லை" என்று சொல்ல எனக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை.

சாமியைக் குறை சொல்லவில்லை. சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் உருவாரம் (மண்ணில் செய்த மாட்டுப் பொம்மை) வையுங்கள், பட்டிப்பொங்கல் வையுங்கள். கையுறை போட்டால் கோமாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சொட்டும், காக்காய் கொத்தும், நாய் இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் போகும். மரம்தான் வேண்டுமென்றால் அதனடியில் ஆறடிக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதையுங்கள். அபிஷேகப் பச்சைப்பாலைத் தீர்த்தமாகக் குடிப்பதைக் கர்ப்பிணிகள் தவிர்க்கட்டும். "கறந்த சூட்டோடு" குடித்தால் நல்லதாம்! அந்தச் சூடு மாட்டின் உடம்புச் சூடு, 38.5 டிகிரி செல்சியஸ் சுமார். கிருமிக்கு அது தொட்டில். பால் பொங்கியதும் இறக்காமல், கிளறிவிட்டு மேலும் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். சீம்பால் நடுவரை முழுக்க வெந்து கட்டியாகட்டும்.

மாடு வீசினால் முதலில் கர்ப்பிணியையும் குழந்தைகளையும் அங்கிருந்து அனுப்புங்கள். வேறு பெரியவர் ஒருவர் தோள்வரை வரும் பிளாஸ்டிக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கட்டும். சினை ஊசி போட வருபவரிடம் அந்தக் கையுறை இருக்கும், கேட்டு வாங்கி வையுங்கள். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழாவிட்டால் இழுக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீசிய கன்றை மூடி வையுங்கள், மருத்துவர் பரிசோதனைக்கு மாதிரி எடுத்த பிறகு புதைக்கலாம். தரையில் சாணியையும் அழுக்கையும் வழித்தெடுத்த பிறகே மருந்து ஊற்ற வேண்டும், சாணியின் மேல் ஊற்றிய பிளீச்சிங் பவுடர் வீண். லிட்டருக்கு 30 கிராம் கரைத்து ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். ஹோஸ் வைத்துப் பீய்ச்சி அடிக்காதீர்கள், தெறிக்கும் துளியை மூச்சில் இழுப்பீர்கள். வடிவது நிற்கும்வரை அந்த மாட்டைத் தனியே கட்டுங்கள்.

அந்த மாட்டைக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு: உங்கள் வீட்டு மருமகள் தப்பித்து, இன்னொரு வீட்டு மருமகள் மாட்டிக்கொள்வாள். கல்யாணச் சீராக வரும் கறவைக்கும் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் பட்டியில் சேர்க்க வேண்டும். சம்பந்தி கோபித்தால் கோபிக்கட்டும்.

கிடாரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒரு தடுப்பூசி. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் இலவசம். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் கிடையாது. அது உயிருள்ள கிருமியால் ஆன மருந்து, அதனால் ஊசி போடும்போது கன்றைப் பிடித்துக்கொள்ளக் கர்ப்பிணியை நிறுத்தாதீர்கள். இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிள்ளை பெற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுத்தரையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, சேலையை மாற்றிவிட்டுப் பால் கொடுங்கள். முந்தானையில்தான் எல்லாவற்றையும் துடைத்திருப்பீர்கள், அதே முந்தானைதான் குழந்தையின் முகத்தில் படுகிறது. தொட்டிலைக் கட்டுத்தரைப் பக்கம் கட்ட வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான். "ஆட்டுப்பால் சளிக்கு நல்லது" என்று பச்சையாகப் புகட்டும் பாட்டிமாரிடம் சண்டை போட்டாலும் பரவாயில்லை.

ஏற்கனவே கை வைத்துவிட்டீர்களா? காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். அறிகுறி தெரிய வாரக்கணக்காகும், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகலாம். கர்ப்பிணிக்கான மருந்து வேறு, மற்றவர்களுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினை மருந்துக்கடையில் கேட்டு விழுங்காதீர்கள். காய்ச்சலைப் பார்த்து மருத்துவர் டைபாய்டு என்று மருந்து எழுதும் முன்பே, "எங்க மாடு கன்னு வீசுச்சு, நான்தான் அள்ளிப் போட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். கேட்காமலேயே சொல்லுங்கள். அடுத்த முறை கிராம செவிலியர் வரும்போது, கர்ப்பகால அட்டையில் "வீட்டில் ஆடு மாடு உண்டு" என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.