அம்பிகுயிட்டி டொலரன்ஸ்: தமிழில ‘ஐயப்பொறை’ எண்டு சொன்னால் என்ன?

போன மாசம் எங்கட ஒபிஸில ஒரு ட்ரெயினிங், புது கொம்பியூட்டர் சிஸ்டம் வரப்போகுது, எல்லாரும் மனசளவில தயாராகோணும் எண்டு. வந்த சேர் பத்துத்தரமாவது சொன்ன சொல் ‘அம்பிகுயிட்டி டொலரன்ஸ்’. தந்த தாளில தமிழில ‘தெளிவின்மை சகிப்புத்தன்மை’ எண்டு கிடந்தது. பக்கத்தில இருந்த அக்கா அதை வாசிச்சுப்போட்டு, “அப்ப விளங்காட்டியும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கச் சொல்லுறாங்களோ தம்பி?” எண்டு கேட்டா. அவ கேட்டது பிழையில்லை, அந்தத் தமிழைப் படிச்சால் ஆருக்கும் அப்பிடித்தான் விளங்கும்.

உண்மையில அது சொல்ல வாறது வேற. புதுசா ஒண்டு வந்து, அது என்னண்டு முழுசா விளங்காம, இப்பிடியும் இருக்கலாம் அப்பிடியும் இருக்கலாம் எண்டு நிக்கிற நேரத்தில ஒரு ஆள் பதறாம, அவசரப்பட்டு ஒரு முடிவைப் பிடிச்சுக்கொள்ளாம வேலையைக் கொண்டுபோற தன்மை. 1949 இல எல்ஸ ஃப்ரெங்கல்-பிரன்ஸ்விக் எண்ட உளவியலாளர்தான் இதைப் பற்றிப் பேரெடுத்த கட்டுரையை எழுதினவ. அவ சொன்ன ஒரு சோதனையில நாய் ஒண்டின்ர படத்தைக் காட்டி, படம் படமா கொஞ்சங் கொஞ்சமா மாத்தி, கடைசியில பூனையாக்கிக் காட்டுவினம். சிலபேர் பூனை வந்தாப்பிறகும் நாய் எண்டுதான் நிப்பினம். புது சிஸ்டம் வந்தாப்பிறகும் பழைய லெஜரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிற ஆக்களை நினைச்சுப் பாருங்கோ, அதே நாய்-பூனைக் கதைதான். பிறகு 1962 இல ஸ்டான்லி பட்னர் எண்டவர், தெளிவில்லாத நிலைமையை ஆபத்து எண்டு பாக்கிறது ஒரு பக்கம், விரும்பத்தக்கது எண்டு பாக்கிறது மற்றப் பக்கம் எண்டு பிரிச்சார். கவனியுங்கோ, விரும்பத்தக்கது! எங்கட தாளில இருந்த ‘சகிப்பு’ இந்த இடத்திலதான் அடிபட்டுப் போகுது, ஏனெண்டால் நாங்கள் சகிக்கிறது எண்டு சொல்லுறது பிடிக்காததை.

இனி வேர். அம்பிகுயிட்டி லத்தீனில இருந்து வந்தது, ‘அம்பி’ எண்டால் ரெண்டு பக்கமும், ‘அகெரே’ எண்டால் ஓட்டுறது, அதாவது ரெண்டு பக்கமும் இழுபடுறது. தமிழில ‘கவர்’ எண்டால் கிளை, பிரிவு. ரோட்டு ரெண்டாப் பிரியிற இடம் கவர்வழி, ரெண்டு விதமாப் பொருள்படுறது கவர்பொருள். லத்தீனுக்கு இதைவிடக் கிட்ட ஒரு சொல் வராது, ஆனா ஒபிஸில போய் ‘கவர்நிலை’ எண்டால் தபால் கவரைத்தான் தேடுவினம். அதால எல்லாருக்கும் விளங்கிற ‘ஐயம்’ போதும் எண்டு நினைக்கிறன்.

டொலரன்ஸ் ‘தொலெராரே’யில இருந்து, தாங்குறது. இதுக்கு எங்களிட்ட ‘பொறு’ இருக்கு. பொறுமை, பொறுப்பு, பொறை எல்லாம் அந்த ஒரே வேர்தான், பொறை எண்டால் சுமையும்தான் பொறுமையும்தான். புதுப் பதவிக்கு வாறவர் ‘கடமையைப் பாரமெடுத்தார்’ எண்டு இங்க எழுதுறம்தானே, அவர் அதைச் சகிக்கேல்லை, விரும்பித் தூக்குறார். ஐயத்தையும் அப்பிடித் தூக்கிறதுதான் ஐயப்பொறை.

ரிஸ்க் எண்டது ஐயத்தில இருந்து வேற, அதுக்கு ‘இடர்’ சரி. அதைக் கணக்குப் பாக்கலாம், ஐயத்தைக் கணக்குப் பாக்கேலாது, இந்த வித்தியாசத்தை ஃபிராங்க் நைட் எண்ட பொருளியலாளர் 1921 இலயே எழுதிவைச்சிட்டார்.

எனக்கு இந்த ஐயப்பொறை முதல் விளங்கினது திருகோணமலை உப்புவெளிக் கரையில. மாமா கரைவலைக்காரர், விடியப்புறம் வள்ளத்தோட நிண்டு கடலையே பாத்துக்கொண்டிருப்பார், தூரத்தில தண்ணி கறுத்துத் தெரியும், அது சூடைக் கூட்டமாவும் இருக்கலாம், முகில்ர நிழலாவும் இருக்கலாம். நான் “மீன் மாமா, மீன்!” எண்டு துள்ளுவன். அவர் “கறுப்பு ஒண்டு கிடக்கு” எண்டு மட்டும்தான் சொல்லுவார், ஆனா அதுக்கிடையில கயிறு சரிபாத்து, ஆக்களைக் கூப்பிட்டு, எல்லாம் ஆயத்தமா இருக்கும்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில, கிளவியாக்கத்தில, இதே வேலைக்கு விதியே இருக்கு! தூரத்தில நிக்கிறது மரக்கட்டையோ மனுசனோ தெரியேல்லையெண்டால் ‘உருவு’ எண்டு பொதுவாச் சொல்லலாம். தெரியாததைத் தெரிஞ்சமாதிரிச் சொல்லாம, அதுக்காகப் பேசாமலும் விடாம ஒரு சொல்லைக் கண்டுபிடிச்சு வைச்சிருக்கினம், எனக்கு அதை நினைக்க நினைக்கப் பெருமையாக் கிடக்கு.

சிஸ்டம் வந்த கிழமை ஒரு கடிதமும் வந்தது, ‘பழைய பதிவேடுகளை இனிப் பேணத் தேவையில்லை’ எண்டு. பேணுறது எண்டால் தொடர்ந்து பதியிறதோ, பாதுகாத்து வைக்கிறதோ? சுத்தமான கவர்பொருள். ஒரு தம்பி எல்லாத்தையும் எரிக்கத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டார், இன்னொருத்தர் தெளிவான கடிதம் வரும்வரைக்கும் கொம்பியூட்டரைத் தொடமாட்டன் எண்டு இருந்திட்டார். அந்த அக்கா தம்பியின்ர கையில இருந்த கொப்பிகளை வாங்கி, ஒரு பெட்டியில அடுக்கி, சணல் கயித்தால கட்டி, மேல மார்க்கரால ‘முடிவு வரேல்லை’ எண்டும் திகதியும் எழுதி மேசைக்குக் கீழ தள்ளினா. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அடிச்சு அனுப்பிப்போட்டு, “பாஸ்வேர்ட் எங்க தம்பி போடுறது?” எண்டு கேட்டுக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால வந்து இருந்தா.