காந்தம் ஒட்டாத பானட்

கோனாபட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மான் பினாங்கில் இருக்கிறார், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இளவயது ஆசை தீர, சேமிப்பில் கைவைத்து ஒரு நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வாங்கியிருக்கிறார். 1989இல் வந்த ஆர்32 வகை. கார் பார்க்க வந்த சகலை, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துப் பானட்டில் வைத்துப் பார்த்தாராம். ஒட்டவில்லை. "ஃபைபரைத் தலையில கட்டிட்டாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அம்மானுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. "நிஜமாவே ஏமாந்துட்டாங்களா?" என்று கேட்கிறார் வாசகர்.

முதலில் அம்மான் தூங்கட்டும். ஆர்32 ஜிடி-ஆரின் பானட்டும், முன்சக்கரங்களை மூடி நிற்கும் ஃபெண்டர்கள் இரண்டும் கம்பெனியிலேயே அலுமினியம். கதவு, கூரை, பின்பக்கமெல்லாம் எஃகு. முன்பக்க எடையைக் குறைப்பதற்காகச் செய்தது: எஃகின் அடர்த்தி 7.8 என்றால் அலுமினியத்துக்கு 2.7தான். சாதாரண ஸ்கைலைனில் இதே பாகங்கள் எஃகில் வரும். ஆகவே இந்தக் காரின் பானட்டில் காந்தம் ஒட்டியிருந்தால்தான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

'இரும்பு என்றால் அசல், ஃபைபர் என்றால் போலி' என்ற கணக்கு ஜப்பான் கார்களிடம் பல இடங்களில் உதைக்கும். 1990இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸுக்கு உடம்பு முழுக்க அலுமினியம். 1971இல் வந்த நிசான் ஃபேர்லேடி 240இஸட்ஜி காரின் நீண்ட மூக்கு கம்பெனியே ஃபைபர் கிளாஸில் வார்த்தது. அதில் யாராவது இரும்பு மூக்கு வைத்திருந்தால் அதுதான் போலி.

சரி, காந்தம் ஒட்டவில்லை. அலுமினியத்திலும் ஒட்டாது, ஃபைபரிலும் ஒட்டாது. இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதே காந்தம்தான் வழி. ஆனால் வைத்துப் பார்க்கக் கூடாது, நகர்த்திப் பார்க்க வேண்டும்.

ஃபிரிட்ஜ் காந்தம் இதற்குப் போதாது. பழுதான கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்கைப் பிரித்தால் உள்ளே நியோடிமியம் காந்தம் இருக்கும், காயலான் கடையில் கேட்டால் கிடைக்கும். வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். பூஜை அறையிலிருந்து ஒரு கனமான செம்புத் தாம்பாளத்தை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்து, மேலிருந்து காந்தத்தை வழுக்கி விடுங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது என்பது ஆறாம் வகுப்புப் பாடம். ஆனால் அது விழும் விதத்தைப் பாருங்கள். பாகில் விழுந்த எறும்பு மாதிரி, அவசரமே இல்லாமல் இறங்கும். மரப்பலகையில் அதே சாய்வில் விட்டால் சர்ரென்று தரைக்கு வந்துவிடும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது ஏழெட்டுத் தடவை திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தேன். ஆச்சி வந்து தாம்பாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதும்தான் நிறுத்தினேன்.

உள்ளே நடப்பது இதுதான். காந்தம் நகரும்போது, அதற்கு முன்னால் இருக்கிற உலோகப் பகுதியில் காந்தப்புலம் கூடிக்கொண்டே வருகிறது, பின்னால் விட்டுவந்த பகுதியில் குறைந்துகொண்டே போகிறது. புலம் மாறினால் கடத்தியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் ஃபாரடே காட்டினார். கம்பியாக இருந்தால் அந்த மின்சாரம் கம்பி வழியே ஓடும். தகட்டில் கம்பி ஏது? அங்கேயே சுழல்கிறது, கண்மாய் மடை திறந்ததும் தண்ணீர் சுழிப்பதுபோல. இதைத் தமிழில் சுழல் மின்னோட்டம் என்கிறோம். ஒவ்வொரு சுழலும் தானே ஒரு குட்டிக் காந்தம். முன்னால் இருக்கும் சுழல் 'வராதே' என்று தள்ளுகிறது, பின்னால் இருப்பது 'போகாதே' என்று இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து காந்தத்தின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. தன்னைப் பிறப்பித்த மாற்றத்தையே அந்த மின்னோட்டம் எதிர்க்கும் என்று 1834இல் லென்ஸ் சொன்ன விதி இதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. காந்தம் நின்றுவிட்டால் இந்தத் தடை சுத்தமாக இல்லை. வேகம் கூடினால் தடையும் கூடும், வேகம் குறைந்தால் அதுவும் குறையும். ஊரணியில் இடுப்பளவு தண்ணீரில் சும்மா நின்றால் ஒன்றும் தெரியாது, ஓடப் பார்த்தால்தான் தண்ணீர் பிடித்து இழுக்கும். அதனால்தான் இந்தத் தடையால் காந்தத்தை ஒருபோதும் நிறுத்தி வைக்க முடிவதில்லை, நிதானப்படுத்த மட்டுமே முடிகிறது. சகலை காந்தத்தை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். ஃபிரிட்ஜ் காந்தத்தின் பலம் ஒரு குறை என்றால், 'ஒட்டுதா' என்று மட்டுமே பார்த்தது பெரிய குறை.

இதை நம் வீடுகள் பல வருஷம் சுவரிலேயே மாட்டி வைத்திருந்தன. பழைய இ.பி. மீட்டரை நினைவிருக்கிறதா? கண்ணாடிக்குப் பின்னால் ஓரத்தில் கறுப்புக் கோடு போட்ட அலுமினியத் தட்டு ஒன்று சுற்றும். சுற்ற வைப்பதும் சுழல் மின்னோட்டம், கட்டுக்குள் வைப்பதும் சுழல் மின்னோட்டம். தட்டை லாடம் போலக் கவ்வி நிற்கும் நிலைக்காந்தம்தான் பிரேக். அது இல்லாவிட்டால் தட்டு தறிகெட்டு ஓடும். தடை வேகத்துக்கு ஏற்ப இருப்பதால்தான், நாம் எடுக்கும் மின்சாரம் இரட்டித்தால் தட்டின் வேகமும் சரியாக இரட்டித்தது, பில்லும் நியாயமாக வந்தது. பட்டாலையில் அறுபது பேர் உட்கார்ந்து சாப்பிட்ட கல்யாண வீட்டில், அந்தத் தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்ற பையன்களில் நானும் ஒருவன்.

எவர்சில்வர் தட்டில் இந்த வேடிக்கை அவ்வளவாக நடக்காது. அது மின்சாரத்தைச் சுமாராகத்தான் கடத்தும். ஃபைபர் கிளாஸ் கடத்துவதே இல்லை, அதனால் சுழலும் இல்லை தடையும் இல்லை. ஆகவே அம்மானுக்கான வழி: காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள், பெயின்டில் கீறல் விழாது. பானட்டின் மேல் லேசாக வைத்து, விறுவிறுவென்று தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் என்றால் யாரோ மெதுவாகக் கையைப் பிடித்து இழுப்பது தெரியும். ஃபைபர் என்றால் துணியின் உராய்வு மட்டும்தான். பானட் தகடு மெல்லியது, தாம்பாளத்தில் தெரிந்த அளவு தெரியாது. முதலில் அடுப்படியில் இருக்கிற அலுமினியத் தட்டிலும், பிறகு ஒரு பிளாஸ்டிக் தட்டிலும் தேய்த்துக் கையைப் பழக்கிக்கொள்வது நல்லது. ஓரிடத்தில் மட்டும் இழுப்பு குறைந்தால் அடியில் பட்டி தடவியிருக்கலாம். உலோகம் தள்ளிப்போகப் போகப் புலம் வலுவிழக்கும். பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி அலுமினியத்தின் மேல் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. காந்தத்துக்குப் பதில் அதில் மாறுமின்னோட்டம் ஓடும் ஒரு சின்னச் சுருள்.

நடுவில் ஒரு புலம்பல். இதே காந்தத்தைக் கைவளையமாக்கி, ரத்த ஓட்டம் சீராகும் என்று திருவிழாக் கடைகளில் விற்கிறார்கள். ரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை, அது காந்தத்தில் ஒட்டும் இரும்பு இல்லை. வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு சோதனைக்குக் காந்தமே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் மேல் சட்டம் வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் போட்டு அழுத்துவார்கள். கண்ணாடியைத் தொட்ட முகம் வழவழப்பாக வரும், பின்பக்கம் சொரசொரவென்று சிமென்டாகவே இருக்கும். ஃபைபர் பாகமும் இப்படித்தான். அசல் ஃபெண்டரின் மேல் மெழுகு தடவி அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்துப் படியவைக்கிறார்கள். அச்சைத் தொட்ட முகம்தான் பளபளக்கும். சக்கரத்துக்கு மேலே கையை விட்டு உட்பக்கத்தைத் தடவினால் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தட்டுப்படும். பெரிய அழுத்த இயந்திரத்தில் அடித்த உலோகத் தகடோ இரு பக்கமும் ஒரே சீராக இருக்கும். தவிர, பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால்தான் நகல் ஃபெண்டருக்கும் கதவுக்கும் இடையில் உள்ள சந்து மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக நிற்கிறது.

அசல் அலுமினியத்துக்கும் ஒரு சாபம் உண்டு. அலுமினிய ஃபெண்டர் எஃகு உடம்போடு முடுக்கப்பட்டிருக்கிறது. பினாங்கு உப்புக்காற்றின் ஈரம் இடையில் புகுந்தால் அந்த இடம் ஒரு சின்ன மின்கலம் ஆகிவிடும், அரிபடுவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று போல்ட்டுகளைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த அரிமானத்தையும் ஆராய அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1953இல் திறந்தது. துரு பற்றிய ஆராய்ச்சிக்குக் கைதட்டல் கிடைப்பதில்லை, அதனால் பணமும் தயங்கித் தயங்கித்தான் வருகிறது. ராக்கெட்டுக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை, பாலத்தையும் தண்ணீர்க் குழாயையும் தின்கிற துருவுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்கிறேன்.

இதையெல்லாம் வாசகருக்கு எழுதி அனுப்பினேன். மறு வாரம் பதில் வந்தது. வீடியோ காலில் அம்மான் தேய்த்துக் காட்டியிருக்கிறார். பானட்டில் இழுப்பு தெரிந்தது. இடது ஃபெண்டரிலும் தெரிந்தது. வலது ஃபெண்டரில் கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே விரலை விட்டுத் தடவியபோது நகக்கண்ணில் கண்ணாடி இழை குத்தியிருக்கிறது. 2017 முதல் நிசானே ஆர்32 ஜிடி-ஆருக்குப் பழைய பாகங்கள் சிலவற்றைத் திரும்பச் செய்து விற்கிறது. அப்படி ஒரு ஃபெண்டர் கிடைத்தால் அதை அசல் என்று சொல்லலாமா என்று அம்மான் இப்போது என்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். சகலையைக் கேட்கச் சொல்லிவிட்டேன்.