ரிப்பன் இருக்கட்டும், மாட்டை யார் பார்ப்பது?

அக்டோபர் வந்தால் ரோஸ் ரிப்பன், பேரணி, செல்ஃபி என்று மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு களைகட்டிவிடும். என்னையும் பேசக் கூப்பிடுவார்கள், போவேன். ஆனால் தர்மபுரியில் அறுவை சிகிச்சை மருத்துவராக நான் பார்க்கிற பெண்களின் கவலையே வேறு. பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர், ஆபரேஷன் முடிந்தபின் கதிர்வீச்சுக்கு, அதாவது கரண்ட் வைக்க, மூன்று வாரமாவது வெளியூரில் தங்கணும் என்று நான் சொன்னதும், ரிப்போர்ட்டை மஞ்சப்பைக்குள் திணித்துக்கொண்டே கேட்டார்: "அதுவரைக்கும் மாட்ட யாரு சார் பாக்கறது?"

ஓரகத்தி இரண்டு வேளையும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றினார், அதனால்தான் சிகிச்சை முழுசாக முடிந்தது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும், சரி. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் போன கூலிக்கும் யார் தருவது? பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறார்கள். மொரப்பூரில் ரயிலேறிச் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ரயில்வே சலுகைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்; ஸ்லீப்பரில் நோயாளிக்குக் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இது தெரியாமல் முழு டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் ஏராளம்.

அப்புறம் ஆராய்ச்சி. அந்த வார்த்தையைச் சொன்னாலே "எங்கள வச்சு சோதன பண்றீங்களா?" என்பார்கள். பயம் நியாயம்தான். ஆனால் மும்பையில் 1998-இல் டாட்டா நினைவு மருத்துவமனை தொடங்கிய ஆய்வில் சேர்ந்த ஒன்றரை லட்சம் பேரும் நம்மைப் போல வசதியில்லாத குடிசைப் பகுதிப் பெண்கள்தான். அவர்களில் ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பகத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார்கள், மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே எல்லாம் இல்லை. இருபது ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், 50 வயது தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு நர்ஸம்மா கையால்தான் பார்க்கிறார், காசு கிடையாது. வலிக்கவில்லையே என்று கட்டியோடு காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் அது பெரும்பாலும் வலிக்காது.

உங்களையும் யாராவது ஆய்வில் சேரக் கூப்பிட்டால், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துப் பாருங்கள். நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அது இல்லாமல் கையெழுத்து மட்டும் கேட்டால் போடாதீர்கள்.