பற்றாக்குறையும் தட்டுப்பாடும் ஒன்றல்ல

2022இல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது, திருகோணமலையில் வரிசைகளில் நின்ற எல்லோருடைய வாயிலும் ஒரே சொல்தான்: ஷோர்ட்டேஜ். பெற்றோல் ஷோர்ட்டேஜ், கேஸ் ஷோர்ட்டேஜ், பால்மா ஷோர்ட்டேஜ். செய்திகளில் அது ஒரு நாள் 'எரிபொருள் பற்றாக்குறை' என்று வரும், மறுநாள் 'எரிபொருள் தட்டுப்பாடு' என்று வரும். எது வந்தாலும் சரி என்றுதான் படித்தோம். ஆனால் தமிழில் இந்த இரண்டு சொற்களுக்கும் வேலை வேறு.

பற்றாக்குறையை முதலில் பார்ப்போம். 'பற்றுதல்' என்பதற்குப் பிடித்தல் என்பதோடு போதுமானதாதல் என்ற பொருளும் உண்டு. 'பற்றாது' என்பதுதான் பேச்சில் 'பத்தாது' ஆகிறது. ஆகவே பற்றாக்குறை என்பது போதாமல் வருகிற குறை. 'பற்றா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; அதனால்தான் நடுவில் 'க்' வருகிறது. 'பத்தாக்குறை', 'பற்றாகுறை' இரண்டும் பிழை. இந்தச் சொல்லைக் கேட்டதும் 'எதற்குப் பற்றாது?' என்ற கேள்வி எழவேண்டும். தேவை என்று ஒரு அளவு இருக்கிறது, கையிருப்பு அதை எட்டவில்லை.

தட்டுப்பாட்டில் அளவு முக்கியமில்லை, வழிதான் முக்கியம். 'தட்டு' என்றால் தடை. 'சொல் தட்டாத பிள்ளை' என்கிறோமே, அந்தத் தட்டுதான். பொருள் எங்கேயோ இருக்கிறது, நம்மிடம் வந்து சேரும் வழியில் தடைபட்டு நிற்கிறது. இதை எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக் கதவு மூடப்பட்டபோது ஆற்றில் தண்ணீர் இருந்தது, வயலுக்கு வரவில்லை. அது நீர்த் தட்டுப்பாடு. மழையே பெய்யாமல் குளம் வற்றியிருந்தால் அதை நீர்ப் பற்றாக்குறை என்றிருப்பேன்.

2022க்கும் இதே கணக்குத்தான். நாட்டிடம் டொலர் போதவில்லை, அது பற்றாக்குறை. அதனால் எண்ணெய் நாட்டுக்குள் வந்து சேரவில்லை, அது தட்டுப்பாடு. திருகோணமலைக்குப் பக்கத்தில் சீனக்குடாவில் ஆங்கிலேயர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அவற்றுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஐந்து லீற்றருக்குக் காத்துக் கிடந்தார்கள். காரணம் எது, விளைவு எது என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கும்போது ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டுக் குழப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் குறையைச் சொல்ல ஷோர்ட்டேஜ் தவிர வேறு சொற்களும் உண்டு. டெஃபிசிட் (deficit) கணக்கு ஏட்டுச் சொல். லத்தீனில் அது பெயர்ச்சொல்லே அல்ல, 'குறைகிறது' என்ற வினைமுற்று. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நமது பத்திரிகைகள் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி எழுதும்போது 'துண்டு விழும் தொகை' என்கின்றன. அதிலும் ஒரு வினை இருக்கிறது. அழகான சொல்லாட்சி, விட்டுவிடக் கூடாது. டெஃபிஷியன்சியும் (deficiency) அதே வேரில் பிறந்ததுதான், ஆனால் உள்ளே இருக்கவேண்டிய சத்து இல்லாததைச் சொல்வது. இரும்புச்சத்துக் குறைபாடு என்பது சரி. தட்டுப்பாடு என்றால் பிழை.

என்னை அதிகம் கவர்ந்தது டேர்த் (dearth). விலை கூடியது, அன்புக்குரியது என்று இரு பொருள் தரும் 'டியர்' (dear) என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. பொருள் கிடைக்காதபோது விலை ஏறும், விலை ஏறினால் ஏழை வீட்டில் பஞ்சம். அப்படித்தான் அந்தச் சொல் பஞ்சத்தைக் குறித்தது. தமிழில் 'அருமை'யை எடுத்துப் பாருங்கள். மாரியில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மீன் விற்கிற ஐயா, "தம்பி, இப்ப அறுக்குளா அருமை" என்பார். கிடைப்பது அரிது என்று பொருள். 'அருமை மகள்' என்று கடிதத்தில் எழுதினால் அன்புக்குரியவள். ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் யோசித்திருக்கின்றன! ஸ்கேர்சிட்டிக்குப் (scarcity) பொருளியல் பாடத்தில் 'கிடைப்பருமை' என்று வைத்தவர்கள் இந்த அருமையைத்தான் எடுத்தார்கள். நல்ல ஆக்கம்.

அப்புறம் இன்அடிக்குவசி (inadequacy). 'சமன்' என்ற பொருளுள்ள லத்தீன் வேர் அதற்குள் இருக்கிறது. வேண்டியதற்குச் சமனாகவில்லை என்பது கருத்து. எழுத்தில் அதற்குப் 'போதாமை' பொருந்தும். வசதிக்கும் சொல்லலாம், மனதுக்கும் சொல்லலாம்.

பேச்சில் எங்களுக்கு அதைவிட நெருக்கமான சொல் 'காணாது', அதாவது போதாது. சோறு போடும்போது "காணும் மாமி, காணும்" என்று கையால் மறைப்போம். மாத முடிவில் "சம்பளம் காணாது" என்போம். இதைப் பெயராக்கிக் 'காணாமை' என்று எழுத முடியாது, பார்க்காமை என்றாகிவிடும். வினையாக எழுதத் தடையில்லை. சென்னையில் இருந்து படிப்பவர் சம்பளம் தொலைந்துபோனதாக முதலில் நினைக்கக் கூடும், அடுத்த வரியில் விளங்கிவிடும். ஆகவே நான் 'காணாது' என்றே எழுதுகிறேன்.