உங்களை யாரும் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பவில்லை

சுங்கை சிப்புட்டில் உளவியல் சிகிச்சை அளிக்கும் எனக்கு ஒரு கேள்வி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. வயிற்று வலிக்காக என்னிடம் அனுப்பப்பட்டவர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் கேட்டுவிடுவார்: “அப்படியானால் எனக்குப் பைத்தியமா? அடுத்தது தஞ்சோங் ரம்புத்தான்தானா?” 1911இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனையால் அந்த ஊரின் பெயரே நம்மிடையே வசவாகிவிட்டது. (அங்கே போவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது வேறு கதை.) போன வாரமும் ஒருவர் கேட்டார். பொறுமை தீர்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விடியுமுன் தோட்டத்து லயங்களில் ஆட்களை ஏற்றும்போதே அடிவயிறு முறுக்கத் தொடங்கும். பாதி வழியில் அடக்க முடியாமல் போய்விட்டால்? அந்தப் பயத்தில் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார், காலைக் காப்பியையும் விட்டார். எந்தப் பெட்ரோல் நிலையத்துக் கழிவறை எத்தனை மணிக்குத் திறக்கும், எங்கே கவுண்டரில் சாவி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊரே சொல்வதுபோல் ‘கேஸ்ட்ரிக்’ என்று தானே முடிவு கட்டி ஈனோ கரைத்துக் குடித்தார். குடல் இறங்கிவிட்டது என்று ஒரு பாட்டி வயிற்றை நீவிவிட்டார். கடைசியில் ரத்தப் பரிசோதனை, ஸ்கோப் (கேமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) எல்லாம் பார்த்தாயிற்று. “ஒன்றுமில்லையாம்” என்று வீட்டில் வந்து சொன்னதும் மனைவி கேட்டாராம்: “அப்படியென்றால் இத்தனை நாளும் நடிப்பா?”

இந்த ‘ஒன்றுமில்லை’தான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. புண் இல்லை, கட்டி இல்லை, கிருமி இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். வலி இல்லை என்று எந்த ஸ்கோப்பும் சொல்லாது. எஸ்.பி.எம். தேர்வு மண்டபத்து வாசலில் நம் பிள்ளைகள் கழிவறைக்கு ஓடுகிறார்களே, அது நடிப்பா? அங்கே வயிறு கலங்குவது பயத்தால் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் பொய் என்று சொல்வதில்லை. அதே கலக்கம் மாதக்கணக்கில் நீடித்தால் மட்டும் ‘எல்லாம் உன் நினைப்பு’ என்கிறோம். தபால்காரரைக் கண்டு வீட்டு நாய் குரைக்கிறது. திருடன் இல்லைதான். அதற்காகக் குரைப்பு கேட்கவில்லை என்று சொல்ல முடியுமா?

இதற்குக் குடல் எரிச்சல் நோய் என்று பெயர் உண்டு. குடல் நோய் நிபுணர்கள் வகுத்து 2016இல் வெளிவந்த ரோம் வரையறைப்படி, கடந்த மூன்று மாதங்களில் வாரத்துக்குச் சராசரியாக ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும்; மலம் கழிப்பது, மலத்தின் தன்மை மாறுவது, தடவைகள் மாறுவது ஆகிய மூன்றில் இரண்டோடாவது அது தொடர்புபட்டிருக்க வேண்டும். முதல் அறிகுறி தோன்றி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். எல்லாருக்கும் இது கவலையால் தொடங்குவதில்லை. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு தொடங்கியவர்களும் உண்டு. எப்படித் தொடங்கினாலும், வலி பயத்தை வளர்க்கும், பயம் வலியை வளர்க்கும். அந்தச் சுழலை அறுப்பதுதான் என் வேலை.

சிகிச்சை என்றால் சோபாவில் படுக்க வைத்துச் சிறுவயதுக் கதையைக் கிளறுவது இல்லை. முதலில் ஒரு குறிப்பேடு: என்ன சாப்பிட்டார், அப்போது என்ன நடந்தது, என்ன நினைத்தார், வயிறு என்ன செய்தது. ஓட்டுநரின் குறிப்பேட்டில், விடுமுறை நாளில் சம்பல் வழியும் நாசி லெமாக் சாப்பிட்டும் வயிறு சும்மா இருந்தது. வேலை நாளில் வெறும் வயிறே முறுக்கியது. அதைக் காட்டியபோதுதான் அவர் என்னை நம்பத் தொடங்கினார். பிறகு அடிவயிற்றால் மூச்சுவிடும் பயிற்சி (ஸ்டியரிங்கில் கண்ணை மூடிச் செய்யக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது), இரவில் சிறிது சோறு, வழக்கமாக நிற்கும் முதல் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தாமல் கடப்பது. வயிறு இன்னும் சில நாள் முறுக்குகிறது. ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டி எடுக்கிறார்.

இது புதுச் சரக்கும் இல்லை. 1984இலேயே மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர் குடலை மையமாகக் கொண்ட அறிதுயில் (ஹிப்னாசிஸ்) சிகிச்சை பலன் தருவதைக் காட்டினார்கள். 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், மற்ற சிகிச்சைகளால் தீராத 558 பேர் கலந்துகொண்டார்கள். தொலைபேசியிலும் இணையத்திலும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (நினைப்பையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் பயிற்சி) பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடத் தேறினார்கள். தோட்டத்திலிருந்து பஸ் கிடைக்கவில்லை என்பவர்கள் கவனிக்கவும்.

மனச்சோர்வுக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின் மாத்திரையை மருத்துவர் குறைந்த அளவில் எழுதினால் ‘பைத்திய மாத்திரை’ என்று வடிகாலில் கொட்டாதீர்கள். அந்த அளவில் அது குடல் வலியைத் தணிக்கத் தரப்படுவது. நிறுத்துவதானால் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

ஆனால் என்னிடம் முதலில் வராதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தச்சோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் குடல் புற்றுநோய், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். எதுவும் இல்லையென்றாலும் அரசு சுகாதார கிளினிக்கில் ஒருமுறை காட்டி, உளவியலாளரிடம் அனுப்பும்படி நீங்களே கேளுங்கள். கவலை தாங்க முடியாதபோது அழைக்க, சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555.

மனைவிமார்களே, அம்மாக்களே, முடிந்தால் முதல் தடவை நீங்களும் கூட வாருங்கள். அறையில் இன்னொரு நாற்காலி இருக்கிறது. ‘நடிப்பா’ என்ற கேள்வியை அங்கே என்னிடம் கேளுங்கள். அவரிடம் கேட்க வேண்டாம்.