தகவல் வடிவமைப்பு: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன் டிசைன்’ எனப்படும் துறைக்குத் தமிழில் வழங்கும் பெயர் இது. பார்ப்பவருக்கு உடனே விளங்கி, அடுத்து என்ன செய்வது என்று தெரியும்படி தகவலை ஒழுங்குபடுத்தித் தருவது இதன் வேலை. பேருந்து நேர அட்டவணை, மின்கட்டண ரசீது, வாக்குச்சீட்டு எல்லாம் இதில் அடங்கும்.

‘டிசைன்’ என்றாலே நமக்குச் சேலைக் கரைதான் நினைவுக்கு வருகிறது. (‘அவன் டிசைனே அப்படி’ என்பது தனிக்கதை.) மூலச்சொல்லிலோ அலங்காரம் இல்லை. லத்தீனில் ‘டெசிக்னாரே’ என்றால் குறியிட்டுக் காட்டுதல்; ‘இன்ஃபார்மாரே’ என்றால் உருக்கொடுத்தல்.

1925-இல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் சமூக அறிஞர் ஓட்டோ நொய்ராத் தொடங்கிய அருங்காட்சியகம் சமூகப் புள்ளிவிவரங்களைப் பொதுமக்களுக்குப் படங்களாகக் காட்டியது. எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவு உருவங்களைக் கூடுதலாக அடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. உருவங்களை வரைந்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். நிபுணர்கள் தரும் விவரக் குவியலில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவுசெய்தவர்களில் முதன்மையானவர், பின்னாளில் ஓட்டோவின் மனைவியான மரீ நொய்ராத். என்னைக் கேட்டால், துறையின் உயிர் இந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் 1951–52 பொதுத்தேர்தலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க, வேட்பாளருக்கொரு பெட்டி வைத்து அதில் சின்னம் ஒட்டினார்கள்.

எல்லாக் குறியும் அப்படிப் பலிப்பதில்லை. பூச்சிமருந்து டப்பாவில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறம் நச்சின் கடுமையைச் சொல்கிறது: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. மண்டையோடு சிவப்புக்கு மட்டும். பச்சைக்கு மேலே ‘எச்சரிக்கை’ என்றுதான் இருக்கும். ஆக, பச்சையும் நஞ்சுதான், வீரியம் குறைவு, அவ்வளவே. ஆனால் உணவுப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி சைவம். சாலையில் பச்சை விளக்கு ‘போகலாம்’. போதாததற்கு, வயலில் அடிப்பதை நாம் ‘மருந்து’ என்றே சொல்கிறோம். இந்தப் பழக்கங்களோடு வருபவர் பச்சையைப் பார்த்துக் கையுறை போடாமல் கலக்கினால், அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இத்துறையைச் ‘செய்தி வடிவமைப்பு’ என்று சிலர் எழுதுவது பத்திரிகைப் பக்க அமைப்போடு குழம்பும். ‘தரவுக் காட்சிப்படுத்தல்’ எண்களைப் படமாக்குவதை மட்டும் குறிக்கும். நாளிதழில் வரும் ‘இன்ஃபோகிராஃபிக்’குக்குத் தகவல் வரைகலை என்பது போதும், அது இத்துறையின் ஒரு கிளைதான்.